செல்லோடேப் ஒட்டிய சான்றிதழ்: வேந்தருக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு மடல்

அரசுப் பல்கலைக்கழகங்களின் வேந்தருமான மாண்புமிகு தமிழ்நாடு ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலைக் கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இருபத்தேழு வருடம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். எழுத வைத்தது என் மகள் கையில் இருக்கும் ஒரு காகிதம்.

வெளியூரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தாள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கிற குமாஸ்தாக்கள் பாவம், போன் போட்டால் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். "துணைவேந்தர் இன்னும் போடலைங்க சார், பட்டமளிப்பு விழா தேதியும் வரலைங்க." ஆக, கையில் இருப்பது புரொவிஷனல் சர்டிபிகேட் மட்டும். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மடிப்பில் நைந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் டிகிரி எங்கம்மா?" என்றாராம். என்னிடம் அவள் சொல்லவில்லை. ராத்திரி அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

துணைவேந்தர் பெயரைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உறுப்பினர் ஒருவரும் வேண்டும் என்றது ஆளுநர் மாளிகை. எங்கள் சட்டத்தில் அப்படி இல்லை என்றது கோட்டை. சரி, யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஆளுநர் பதவி அரசியல் சாசனம் தந்தது. வேந்தர் பதவி சட்டமன்றம் தந்தது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் வந்தபோதும் சட்டமன்றத்தின் சட்டத்தால்தான் வந்தது. கொடுத்தவர்கள் அதிகாரத்தைத் திருப்பிக் கேட்டால் அது அவமரியாதை ஆகாது. ஆளுநர்களுக்கு இந்த வேந்தர் சுமையே வேண்டாம் என்று மத்திய-மாநில உறவை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010-லேயே எழுதிவிட்டது.

ஆனால் நடந்தது என்ன? 2020 முதல் ஆளுநருக்கு அனுப்பிய மசோதாக்களில் பத்து (பெரும்பாலும் துணைவேந்தரை அரசே நியமிக்க வழி செய்பவை), 2023 நவம்பர் 13 அன்று ஒப்புதல் இல்லாமல் திரும்பின. ஐந்தே நாளில் சட்டமன்றம் அவற்றை மறுபடி நிறைவேற்றியது. அதே மாதம் 28-ஆம் தேதி அவை குடியரசுத் தலைவருக்குப் போயின. ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மே மாதம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பர் 20-இல் அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்குக் கெடு வைக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது, ஆனால் காரணம் சொல்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் முடியாது என்றது. இதில் வக்கீல்களுக்கு வேலை இருக்கிறது. என் மகளுக்கு இல்லை.

ஆளுநருக்குக் கல்வியில் என்ன வேலை என்று கேட்பவன் அல்ல நான். சேலத்துக்காரன் அப்படிக் கேட்கவும் முடியாது. இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை 1940-இல் விலக்கியவர் ஆளுநர் எர்ஸ்கின். அதே ராஜாஜியை 1952-இல் மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கியவர் ஆளுநர் ஸ்ரீபிரகாசா. மறு வருடமே குலக்கல்வித் திட்டம் வந்தது, பள்ளி அரைநாளாகச் சுருங்கியது. காமராஜர் வந்து அதை எடுக்காமல் இருந்திருந்தால் எங்கள் மலைப் பிள்ளைகளின் மீதி அரைநாள் எஸ்டேட்டில்தான் போயிருக்கும்.

ஆளுநர்களில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் மன்றோ. 1792 முதல் ஏழு வருடம் இந்தப் பாராமகால் சீமையில் (சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) உதவி அதிகாரியாக அலைந்தவர். சென்னை மாகாண ஆளுநரானதும் 1822-இல் கலெக்டர்கள் எல்லாரிடமும் கணக்குக் கேட்டார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள்? சேலத்துக் கலெக்டரும் பதில் எழுதினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், சராசரியாக ஆயிரம் பேருக்கு ஒன்று என்று 1826-இல் குறிப்பு எழுதி, அதற்குப் பிறகு திட்டம் சொன்னார். வெள்ளைக்கார துரையைப் புகழ்கிறேன் என்று என் பழைய சகாக்கள் திட்டுவார்கள், திட்டட்டும். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் வீடு வீடாக ஏறி, பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுத்தவன் நான். முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் எழுதிய ஆளை எனக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மசோதா பிடித்தால் கையெழுத்துப் போடுங்கள். பிடிக்காவிட்டால் காரணம் எழுதி, சூட்டோடு திருப்பி அனுப்புங்கள். நாங்கள் பரீட்சைத் தாளையே பத்து நாளில் திருத்திக் கொடுத்தவர்கள்.

வரும் திங்கட்கிழமை அவளுக்குச் சேலத்தில் ஒரு நேர்காணல். முதல் பஸ்ஸில் இறங்குகிறாள். பழைய செல்லோடேப்பை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஏற்காடு