தீவக மின்சாரத்துக்குத் தனி நேரக்கணக்கு வேண்டும்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின் திட்டத்துக்கு, இந்திய அரசின் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையுடன், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி மின்கலச் சேமிப்பு, ஒத்தாசைக்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கிகள் என்பதே அதன் அமைப்பு. இதே திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் கைமாறிய கதையைப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. எந்த நாட்டுத் தகடு எங்கள் மண்ணில் நாட்டப்படும் என்பதில் காட்டப்பட்ட அக்கறையில் ஒரு சிறு பங்குகூட, அது தரும் மின்சாரம் எந்த நேரத்தில் எதற்குப் பயன்படும் என்பதில் காட்டப்படவில்லை. அதைப் பற்றியே இம்மடல்.

நாட்டின் நேரவாரிக் கட்டணமுறை ஒரு நாளை மூன்றாகப் பிரிக்கிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல். அங்கிருந்து இரவு 10.30 வரை உச்ச நேரம். பின்னர் விடிய 5.30 வரை உச்சமற்ற நேரம். இவற்றுள் நெடுங்காலமாக மலிவானது பின்னிரவுதான். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை ஊர் உறங்கும் நேரத்தில் அணைத்து, விடிந்ததும் மூட்ட இயலாது என்பதால், பெருநிலத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. தீவில் நிலைமை நேர்மாறானது. நண்பகலில் சூரிய மின்சாரம் தேவையை மிஞ்சி நிற்க, பின்னிரவில் மின்கலம் வற்றி, படகில் ஏற்றி இறக்கிய டீசலை எரிக்க வேண்டிவரும். உதாரணத்துக்கு, மூன்று தீவுகளின் இரவுத் தேவை ஒன்றுசேர 400 கிலோவாட் என்று கொண்டால், நிறைந்திருக்கும் மின்கலம் 6 மணிநேரத்தில் தீர்ந்துவிடும். மின்கலத்தின் ஆயுள் கருதி அதை அடிமட்டம் வரை இறக்குவதில்லை என்பதால் உண்மையில் அதற்கும் முன்பே தீரும். ஒவ்வொரு தீவும் தனி வலையமைப்பாக இயங்கும்போது ஒன்றின் மிச்சம் மற்றதற்கு உதவவும் மாட்டாது. இந்நிலையில் பெருநிலத்தின் நேரக்கணக்கை அப்படியே தீவுக்கு நீட்டினால், மின்சாரம் அருமையாக இருக்கும் வேளையில் செலவழிக்கவும், மலிந்து கிடக்கும் வேளையில் சிக்கனம் பிடிக்கவும் நாமே மக்களைத் தூண்டியவர்களாவோம்.

இது வெறும் ஊகமன்று. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையால் தேவை சரிந்தபோது, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு நாடெங்கும் உள்ள உரிமையாளர்களை இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பெரிய நீர்மின், அனல்மின் நிலையங்களைத் துணையாகக் கொண்ட தேசிய வலையமைப்பே பகல் மிகுதியைத் தாங்கமுடியாமல் திணறுமானால், சில நூறு கிலோவாட் தேவையுள்ள தீவு எம்மாத்திரம்?

ஆகவே மிகுதியை நிறுத்தி வைப்பதைவிட, அதை உள்ளூரிலேயே உண்ணும் வேலைகளை முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே கொண்டுவருவதே அறிவார்ந்த வழி. நெடுந்தீவில் குடிநீர் எவ்வளவு அரியது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களை நண்பகலில் முழு வேகத்தில் ஓட்டி, நீரைத் தாங்கிகளில் நிரப்பி வைக்கலாம். தண்ணீரைத் தாங்கியில் சேர்ப்பது மின்சாரத்தை மின்கலத்தில் சேர்ப்பதைவிட மிக மலிவு. கடற்றொழிலாளருக்கு வேண்டிய ஐஸைத் தீவிலேயே பகலில் உறைய வைக்கலாம். தோட்டங்களுக்கு நீரிறைத்தலும் மின் முச்சக்கரவண்டிகளுக்கு மின்னேற்றுதலும் இதில் அடங்கும். ஆனால் இவற்றை ஓட்டுபவர்களுக்கு நண்பகல் அலகு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மலிவாக இல்லாவிட்டால், எவரும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நேரம் மட்டுமல்ல, பருவமும் கணக்கில் வரவேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசுகையில் காற்றாலை இரவிலும் சுழலும். ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா இரவுகளின் விளக்கலங்காரத்துக்கு இதைவிட உகந்த காலம் இல்லை. சோளகம் ஓய்ந்து, வாடை இன்னும் நிலைகொள்ளாத ஐப்பசியிலோ காற்றும் தளரும், முகிலும் மூடும். டீசல் மெய்யாகவே தேவைப்படும் வாரங்கள் அவைதாம். ஆண்டு முழுவதற்கும் ஒரே கட்டண அட்டவணை என்பது சோம்பலான ஏற்பாடு.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். பின்னிரவுக் கட்டணத்தை ஏற்றி ஏழைக் குடும்பங்களின் மின்விசிறியை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. வீடுகளுக்கான தேசியக் கட்டணத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, நண்பகலுக்கு மட்டும் சலுகை கொடுத்தாலே போதும். வீணாகப் போக இருந்த மின்சாரத்தை விற்பதால் மின்சாரம் வழங்குவோருக்கு இழப்பு ஏதும் இல்லை. மிச்சமாகும் டீசல் இலாபம்.

தீவகத்தின் இன்னொரு தீவான எழுவைதீவில் சூரியனும் காற்றும் மின்கலமும் டீசலும் சேர்ந்த சிறு வலையமைப்பு ஏற்கெனவே உள்ளது. அதில் ஒவ்வொரு மாதமும் எந்த மூலத்திலிருந்து எத்தனை அலகு கிடைத்தது, எத்தனை லீற்றர் டீசல் எரிந்தது, எவ்வளவு சூரிய மின்சாரம் பயன்படாமல் தடுக்கப்பட்டது என்ற விவரங்களைத் தமிழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். மூன்று தீவுகளுக்கும் அதே கணக்கு தொடக்க நாளிலிருந்தே வெளியாக வேண்டும். உப்புக்காற்றில் இணைப்புகள் அரித்துப்போவதும் மின்மாற்றிகள் பழுதாவதும் தவிர்க்க முடியாதவை. கடல் கொந்தளிக்கும் நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து திருத்துநர் வரமாட்டார் என்பதால், ஒவ்வொரு தீவிலும் அவ்வூர் இளைஞர்களையே பயிற்றி நிரந்தரப் பணியில் அமர்த்துவதை அனுமதி நிபந்தனைகளில் ஒன்றாக்குங்கள்.

கட்டணத் திருத்தங்களுக்கு முன் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்பது நல்ல வழக்கம். தீவகத்துக்கான அமர்வை நகரத்து மண்டபத்தில் நடத்தாமல் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நடத்துங்கள். ஆவணங்களை ஒரு மாதம் முன்னதாகப் பிரதேச சபைகளுக்கு அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
தீவகத்தைச் சேர்ந்த மின்பாவனையாளர் ஒருவர்