கேள்வி கேட்கிற பிள்ளைகளை என்ன செய்யப் போகிறீர்கள், பாஸ்டர்?

தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். இவ்வளவு ஜெபித்தும் அம்மா ஏன் செத்துப்போனாங்க என்று ஒரு பையன் கேட்டால், "விசுவாசம் குறைவு தம்பி, உபவாசம் இருந்து ஜெபி" என்று ஏன் சொல்கிறீர்கள்? என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். அப்படியானால் அம்மாவின் சாவுக்கு நான்தான் காரணமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பல வருடம் கழித்து என்னைத் திரும்ப இழுத்தது வேதத்தில் உள்ள யோபு புத்தகம், பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த ஒரு நல்ல மனுஷனின் கதை. யோபுவின் பொறுமை, பொறுமை என்றே கேட்டு வளர்ந்திருக்கிறோம், ஆனால் அந்த மனுஷன் மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அப்புறம் 31ஆம் அதிகாரம் வரை கடவுளோடு வழக்காடுகிறார். ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்த நண்பர்கள் பேச ஆரம்பித்ததும் அச்சு அசல் நம் பிரசங்கம்தான்: நீ ஏதோ தப்பு செய்திருப்பாய். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள் மேல். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கான வேத வசனம் என்று கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் 88ஆம் சங்கீதம் வந்து நான் பார்த்ததில்லை. இருட்டிலேயே முடிகிற பாட்டை யார் அட்டையில் போடுவார்கள்! அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, அவர் பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தையே உணராமல் ஜெபித்தவர் என்று தெரிந்தது. அவங்க கத்தோலிக்கர் என்பீர்கள். சரி, இயேசுவின் சீஷர் தோமா எல்லாருக்கும் பொதுதானே? இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை அவருடைய காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொல்லி எட்டு நாள் ஆன பிறகும் அவர் மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப்போனவன் என்று யாரும் அவரை வெளியே தள்ளவில்லை.

இப்போது எனக்கிருப்பது பழைய விசுவாசம் இல்லை. சுகமளிக்கும் கூட்டங்களில் இன்னும் என்னால் கை தட்ட முடியாது. திருவிருந்துக்கு முழங்கால் போட முடிகிறது, பரமண்டல ஜெபம் சொல்ல முடிகிறது, சில நாள் பாதியில் நின்றுவிடும்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் பாதி நேரத்தையாவது பிள்ளைகளின் கேள்விக்கு விடுங்கள். எதற்காவது பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், அதைக் கேட்டு ஒரு பிள்ளையும் சபையை விட்டுப் போகாது.