பாடசாலைப் பணம் பார்ப்போருக்குப் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளுக்கு வரும் கணக்காய்வு ஐயவினாக்களை (கணக்கில் கண்ட குறைக்கு விளக்கம் கேட்டு வரும் கடிதங்களை) எடுத்துப் பார்த்தால், களவு என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் தெரியாமையால் வந்தவை. ஆனால் பதில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே முகம்தான். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு, அரசுக்கு ஏற்படும் நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடவும் வழி இருக்கிறது. எனவே பாடசாலைப் பணத்தையும் பொருளையும் கையாளுவோருக்கு முறையான பயிற்சியும், பரீட்சை வைத்துக் கொடுக்கும் சான்றிதழும் வேண்டும் என்று கேட்கிறோம்.

பெரிய பாடசாலைகளில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவராவது இருப்பார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள பல சிறு பாடசாலைகளில் அதிபரே பாடமும் எடுத்து, வரவு இடாப்பும் பார்த்து, பண வரவுசெலவு பதியும் காசேடும் எழுதுகிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். கூட்டத்தில் பெயர் முன்மொழியப்படும், மறுநாள் பற்றுச்சீட்டுப் புத்தகம் கைக்கு வந்துவிடும். அதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆளில்லை.

பிழை தொடங்குவதும் அங்கேதான். வகுப்பாசிரியர் அப்பியாசக் கொப்பியில் பெயரெழுதிக் காசு சேர்ப்பார். அந்தக் காசிலிருந்தே விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்பும் கயிறும் வாங்கப்படும். மீதி மட்டும் வங்கிக்குப் போகும். செலவு நியாயமானதுதான், ஆனால் வரவு முழுமையாகக் காசேட்டில் ஏறவில்லை. சேர்ந்த பணம் முழுவதற்கும் பற்றுச்சீட்டு, முழுவதும் வங்கியில் வைப்பு, பிறகு காசோலையால் செலவு: இந்த வரிசை மாறவே கூடாது. பிழைத்த பற்றுச்சீட்டைக் கிழித்தெறியாமல் மூலப்பிரதியையும் புத்தகத்திலேயே ஒட்டி, குறுக்கே கோடிட்டு 'இரத்து' என்று எழுதி வைக்க வேண்டும். கிழிந்த ஓர் இலக்கத்துக்கு விளக்கம் சொல்லியே பலர் களைத்துப் போகிறார்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, அதாவது காசேட்டு மீதியும் வங்கி மீதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து எழுதுவது. மாதாமாதம் செய்தால் அரைமணி நேர வேலை, பன்னிரண்டு மாதத்தைச் சேர்த்து டிசம்பரில் செய்யப் போனால் தலையிடி. ஓர் உதாரணம்: மாத இறுதியில் வங்கிக் கூற்றில் 186,400 ரூபா இருக்கிறது. வைப்புச் செய்தும் வங்கி இன்னும் பதியாத 12,000 ரூபாவைக் கூட்டுங்கள். எழுதிக் கொடுத்தும் மாற்றப்படாத காசோலைகள் 41,250 ரூபாவைக் கழியுங்கள். வருவது 157,150. காசேட்டில் 157,750 இருந்தால் வித்தியாசம் 600. காசோலைப் புத்தகக் கட்டணத்தை வங்கி கழித்திருக்கும், காசேட்டில் பதிந்திருக்க மாட்டார்கள். பலர் செய்வது என்னவென்றால், அந்த 600 ஐ 'வேறு' என்று எழுதிச் சமப்படுத்துவது. அதுதான் ஐயவினாவுக்கு வித்து. ஆறு மாதம் கடந்தும் மாற்றப்படாத காசோலைக்கு, அரசாங்க நிதி விதிகளான நிதிப்பிரமாணங்களில் 396 இன்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். அதையே ஒவ்வொரு மாதமும் பட்டியலில் காவிக்கொண்டு போவதில் பயனில்லை.

கொடுப்பனவில் அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், பணம் செலுத்தல் ஆகியவை வெவ்வேறு பொறுப்புகள் என்கிறது நிதிப்பிரமாணம் 135. மூன்று ஆசிரியர் மட்டும் உள்ள இடத்தில் இதை எப்படிப் பிரிப்பது என்பதைப் பயிற்சியில்தான் சொல்லிக்கொடுக்க முடியும். கொள்வனவு இன்னும் சிக்கல். 2006 வழிகாட்டியின் இடத்தில் புதிய பெறுகை (அரசாங்கக் கொள்வனவு) வழிகாட்டி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய நிழற்பிரதியை வைத்துக்கொண்டே வேலை செய்யும் அலுவலகங்களும் உண்டு. கொள்வனவுத் தொகையை வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே கடைக்கு ஒரே வாரத்தில் இரண்டு உறுதிச்சீட்டு (கொடுப்பனவுச் சீட்டு) எழுதுவதும், மூன்று விலைமனுவும் ஒரே கையெழுத்தில் இருப்பதும் கணக்காய்வாளர் கண்ணில் முதலில் படுபவை.

பொருட்பதிவேடு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004 கடற்கோளுக்குப் பிறகு கரையோரப் பாடசாலைகளுக்கு அன்பளிப்பாக வந்த தளபாடங்களும் கணினிகளும் எத்தனை ஏட்டில் ஏறின? இன்று பழைய மாணவர் தரும் பொருட்களுக்கும் அதே கதிதான். இலவசமாக வந்தாலும் பாடசாலைக்குள் வந்த அன்றே பதிய வேண்டும், பொருளோடு வந்த பட்டியலில் ஏட்டின் பக்க இலக்கத்தைக் குறிக்க வேண்டும். உடைந்த கதிரையை ஆண்டுப் பொருட்கணக்கெடுப்புக் குழுவின் சிபாரிசும் உரிய அனுமதியும் இல்லாமல் ஏட்டிலிருந்து நீக்கக் கூடாது. மாரி வெள்ளத்தில் பொருள் அழிந்தால், நிதிப்பிரமாணம் 104 இன்படி ஆரம்ப அறிக்கை 7 நாட்களுக்குள்ளும் முழு அறிக்கை 3 மாதங்களுக்குள்ளும் போக வேண்டும். வெள்ளம் வருடம் தவறாமல் வருகிற எங்கள் பக்கத்தில் இது எல்லா அதிபருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டிய விதி. (ஏடுகளைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள் என்பதையும் யாராவது சுற்றுநிருபமாக விட்டால் நல்லது.)

இப்போது நடப்பவை ஒருநாள் கருத்தரங்குகள். விரிவுரை, மதியச் சோற்றுப் பார்சல், பங்குபற்றிய சான்றிதழ், முடிந்தது. யார் விளங்கிக்கொண்டார் என்று எவரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1910 இல் தொடங்கிய அஸ்போ இன்டர்நேஷனல் என்ற சங்கம், பாடசாலை நிதி அலுவலர்களுக்குப் பரீட்சை வைத்தே சான்றிதழ் கொடுக்கிறது, தொடர்ந்து படித்து அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். இங்கிலாந்தில் பாடசாலை வணிக முகாமையாளருக்கென்றே நான்காம் நிலை டிப்ளோமா இருக்கிறது. அவற்றை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. எங்கள் விதிகள் வேறு.

ஐந்து மணித்தியாலப்படி ஆறு சனிக்கிழமைகள் போதும். இடம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கட்டும். பொத்துவிலில் இருப்பவரைத் திருகோணமலைக்கு அழைத்தால் முதல்நாளே புறப்பட வேண்டும். வலயக் கணக்காளர்களும் உள்ளகக் கணக்காய்வு உத்தியோகத்தர்களும் நடத்தலாம், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ பீடங்கள் பரீட்சையைப் பொறுப்பேற்கலாம். வினாத்தாளில் வரைவிலக்கணம் கேட்க வேண்டாம். நாற்பது உறுதிச்சீட்டு, காசோலை அடிக்கட்டைகள், ஒரு வங்கிக் கூற்று ஆகியவற்றைக் கையில் கொடுத்து, மூன்று மணித்தியாலத்தில் காசேடும் இணக்கக் கூற்றும் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் பாடசாலைக்குப் போய் ஏடுகளைப் பார்த்த பிறகே சான்றிதழ் கொடுக்கப்பட வேண்டும். பதவி உயர்வுப் புள்ளியோடு மட்டும் அதைக் கட்டிவிடாதீர்கள். பிறகு கடதாசிக்காகவே ஆட்கள் வருவார்கள். சங்கப் பொருளாளராகவோ பாடசாலைக் கணக்குக்குப் பொறுப்பாகவோ வருபவர் ஒரு வருடத்துக்குள் இதை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போதும்.

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் முதலில் இரண்டு வலயங்களில், பட்டிருப்பிலும் சம்மாந்துறையிலும், இதைத் தொடங்கிப் பார்க்கலாம். நிதியாண்டு ஜனவரியில் பிறப்பதால், செப்டெம்பரில் வகுப்பைத் தொடங்கினால் வருட இறுதிக் கணக்கு முடிப்பையே செய்முறையாக வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
பாடசாலைக் கணக்காய்வில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிலர்,
களுவாஞ்சிகுடி