ஜான் காண்டனின் கல்லறைக் கல் குறித்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு வணக்கம்.

பெல்ஜியத்தில் தங்கள் பராமரிப்பிலுள்ள போல்கப்பெல்லே பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டத்தில் 7,400க்கும் மேற்பட்ட வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 6,200க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்படாதவர்கள். இருந்தும், அங்கே வருகிறவர்களில் பலர் தேடிச் செல்வது ஒரே ஒரு கல்லைத்தான். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு நகரைச் சேர்ந்த ஜான் காண்டன், ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட், படை எண் 6322, மறைந்த நாள் 1915 மே 24, வயது 14 என்பது அந்தக் கல் தரும் செய்தி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் உயிரிழந்தவர்களில் மிக இளையவர் என்று நெடுங்காலமாக நம்பப்படுபவர் அவர். ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவை ஏவிய நாளில் அவர் இறந்தார்.

அந்த வயது சரியானதன்று என்பதற்கு வலுவான ஆவணச் சான்று இருக்கிறது. 1922இல் அயர்லாந்தின் ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் எரிந்த தீயும், 1940இல் லண்டன் மீது விழுந்த குண்டுகளும் ஐரிஷ் வீரர்களைத் தேடுவோருக்குப் பேரிழப்பை ஏற்படுத்தின; இரண்டாவதில் முதல் உலகப் போரில் பங்கேற்ற சாதாரணப் படைவீரர்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கும் மேல் அழிந்தன. ஆனால் பிறப்புப் பதிவேடுகளும் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களும் தப்பிவிட்டன. காண்டன் 1896 அக்டோபரில் பிறந்ததாகப் பதிவேடு காட்டுகிறது. 1911 கணக்கெடுப்பிலேயே அவருக்கு வயது 14. அப்படியானால் இறந்தபோது அவருக்குப் பதினெட்டு.

வயதைவிடக் கனமான கேள்வி, அந்தக் கல்லின் கீழே இருப்பவர் யார் என்பது. 1923இல் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றுடன் கிடைத்த காலணித் துண்டில் பொறிக்கப்பட்டிருந்த 6322 என்ற எண்ணே அடையாளத்துக்கு ஆதாரமாயிற்று. அந்நாளில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தன் வீரர்களுக்குத் தனித்தனியே எண் வழங்கியதால், ஒரே எண்ணைப் பல படைப்பிரிவுகளில் பலர் தாங்கியிருந்தார்கள் என்பது தங்களுக்கு நன்கு தெரிந்ததே. எண்ணோடு அந்தத் தோலில் ஒரு 4ஆம் பட்டாளத்தின் குறியும் இருந்தது. அது ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ் என்ற வேறொரு ரெஜிமென்ட்டைச் சுட்டுவதாகவும், அதில் அதே எண்ணைக் கொண்டிருந்த ஒருவர் 1915 ஜூன் 16 அன்று ஈப்ர நகருக்கு அருகே நடந்த பெல்லவார்ட போரில் இறந்ததாகவும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தைப் படித்தவரையில், எனக்கு அது மறுக்க முடியாத வலிமை உடையதாகவே தோன்றுகிறது.

காண்டனின் குடும்பத்தாரும் வாட்டர்ஃபோர்டு மக்களும் அவர்மீது வைத்திருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். அவருடைய நினைவாக அந்நகரில் 2014இல் நினைவுச்சின்னமே எழுந்திருக்கிறது. பதினெட்டு வயதில் நச்சுவாயுவில் மாண்டவரின் துயரம், பதினான்கு என்ற எண் இல்லாவிட்டால் குறைந்துவிடாது. ஆனால் அங்கே கிடப்பவர் வேறொருவர் என்றால், நூறாண்டுகளாகத் தன் தலைமாட்டில் இன்னொருவர் பெயரைச் சுமந்துகொண்டு, தனக்கென ஒரு பூவும் பெறாமல் கிடப்பவர் அந்த மனிதர்தான். அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். இறந்த ஒவ்வொருவரையும் பதவி பாராமல் பெயரிட்டு நினைவுகூர்வதே 1917இல் தங்கள் அமைப்பு தோன்றியதன் அடிப்படை என்பதால், இந்த முறையீட்டைத் தங்களிடம் வைப்பது பொருத்தமென்று கருதுகிறேன்.

அடையாளம் பற்றிய இறுதி முடிவு பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருப்பதை அறிவேன். எனினும், அந்தக் காலணித் துண்டு பற்றிய அடக்கப் பதிவையும், கல் மாற்றப்படாமல் இருப்பதற்கான காரணங்களையும் முழுமையாகப் பொதுவில் வைப்பது தங்களால் இயலும். வருகிறவர்கள் படிக்கும்படி, வயதும் அடையாளமும் ஆய்வில் இருப்பதாக ஓர் அறிவிப்பை அங்கே நிறுவலாம். இரு குடும்பங்களின் வழித்தோன்றல்களும் இசைந்தால், மரபணுச் சோதனைக்கான வழியை அமைச்சகத்துடன் ஆராயலாம். சான்றுகள் காண்டனுக்கு எதிராகவே முடியுமானால், அவருடைய பெயரை, கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ள ஈப்ர நகரின் மெனின் வாயில் நினைவுச்சின்னத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போர்க்கால ஆவணங்களில் ஈடுபாடுள்ள ஒரு தமிழ் வாசகர்