நிலாவெளியில் புறாக்களைப் பறக்கவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உவர்மலையில் 30 வருடமாகப் புறா வளர்க்கிறேன். போன மாதம் நிலாவெளிக் கடற்கரையில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்கு 12 வெள்ளைப் புறா கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் பறக்கவிடுவதற்காம். நான் கொடுக்கவில்லை. வேறு யாரிடமோ வாங்கிப் பறக்கவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவான இடம். அதன் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்கள் யாரும் வளர்த்தவை அல்ல. நம் வீட்டுப் புறாக்களுக்கு மூதாதை இந்த இனம்தான், அதனால் இரண்டும் இலகுவாகச் சோடி சேரும். பழக்காத புறாவுக்கு வீடு திரும்பத் தெரியாது, கண்ணில் பட்ட பாறையில்தான் போய் இறங்கும். ஒருமுறை கலந்த இரத்தத்தை யார் பிரித்தெடுப்பது?

அழியப்போன ஒரு புறா இனத்தை மீட்பது எவ்வளவு பாடு என்று பாருங்கள். மொரீசியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990 அளவில் காட்டில் 10 வரைதான் மிஞ்சியிருந்தது. கூண்டில் இனம்பெருக்கி, முட்டைகளை வேறு வளர்ப்புப் புறா இனத்தின் கீழ் அடைவைத்து, குஞ்சுகளைக் காட்டில் விட்டு, எலி பூனைகளைப் பிடித்து, தீனியும் வைத்து இன்று சில நூறாக்கியிருக்கிறார்கள். அடைவைக்கும் வேலை எனக்கும் பழக்கம். முட்டையின் சொந்தச் சோடியும் அடைகாக்கும் சோடியும் முட்டையிட்ட நாள் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு பொரிக்கும்போது வளர்ப்புத் தாயின் தொண்டைப்பையில் குஞ்சுக்கு ஊட்டும் பால் சுரந்திருக்காது. ஒரு குஞ்சுக்கே எவ்வளவு கவனம் வேண்டும் என்பது அனுபவித்தவனுக்குத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டும் அங்கே தொண்டையில் மஞ்சளாகப் படியும் நோயில் குஞ்சுகள் சாகின்றன. வெளியிலிருந்து தீவுக்கு வந்த புறா இனங்களும் அதைக் காவுகின்றன. என் கூட்டிலும் ஒரே கிழமையில் 9 குஞ்சுகள் அதே நோயில் போயின. தாய்ப்புறாக்கள் சுகமாகத்தான் தெரிந்தன, ஊட்டிய பாலில் நோய் இருந்தது. பார்வைக்கு நல்லாயிருக்கும் ஒரு வெள்ளைப் புறா புறாத்தீவுக்கு எதைக் கொண்டுபோகும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்கிறவருக்குத் தெரியும்.

வனசீவராசிகள் திணைக்களம் நிலாவெளிக் கரையில் புறா பறக்கவிடுவதைத் தடுக்க வேண்டும். விடுதிக்காரரும் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அடுத்த மாதமும் அங்கே ஒரு கலியாணம் இருப்பதாக வள்ளக்காரர் ஒருவர் சொன்னார். அதற்கு முன் அறிவித்தல் வர வேண்டும்.

புறா வளர்ப்பவர்,
உவர்மலை, திருகோணமலை