குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்: ஸ்பானிஷ், சமூகவியல், வக்கீல் தொழில்நெறி மூன்றும் இங்கேயே வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சமூகவியல் இளங்கலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் அதோடு ஸ்பானிஷ் மொழியும், விருப்பப் பாடமாக வழக்கறிஞர் தொழில்நெறியும் படித்தேன். ஊருக்கு வந்தால், "இதெல்லாம் எதுக்கு மக்களே, பி.காம் எடுத்திருந்தா பேங்க் பரீட்சை எழுதியிருக்கலாமே" என்கிறார்கள். அக்கறையில் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டிய தேவை தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்தையும்விட நம் மாவட்டத்துக்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் கூடப் பள்ளியில் படித்துவிட்டு இங்கேயே கல்லூரியில் சேர்ந்த தோழிகள் ஒருவருக்கும் இவை மூன்றும் கிடைக்கவில்லை. அவர்களுக்காகவும் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தொழில்நெறியிலிருந்து தொடங்குகிறேன். சட்டக் கல்லூரியில் அது கட்டாயப் பாடம். சட்டக் கல்லூரிக்கு வெளியே அதைச் சொல்லித்தருவது அரிது. வக்கீல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது வக்கீலுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். வக்கீலிடம் போகிறவருக்கல்லவா அது முதலில் தெரிய வேண்டும்?

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கணவர் சாலை விபத்தில் இறந்துபோனார். இழப்பீட்டு வழக்கில் கிடைக்கிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு என்று முதல் நாளே பேச்சு. வக்காலத்தில் கையெழுத்து வாங்கியபோது கூடவே எழுதாத வெள்ளைத் தாள்கள் சிலவற்றிலும் வாங்கிக்கொண்டார்கள். "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொன்னார்களாம். அக்கா பிளஸ் டூ வரை படித்தவர், தமிழும் ஆங்கிலமும் வாசிப்பார். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளில் 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கும் கேட்கக்கூடாது என்கிறது. இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வழக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது, பீஸ் பாக்கியைத் தீர்த்தால்தான் கேஸ் கட்டு கைக்கு வரும் என்றார்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. முறைகேடு என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 35-ஆவது பிரிவின்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் வந்த மாவட்டம் நம்முடையது. அந்த எழுத்தறிவு வக்காலத்துத் தாளின் முன்னால் அக்காவுக்கு உதவவில்லை.

நேர்மையான வக்கீல்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இந்தப் பாடம் அவர்களுக்குத்தான் முதலில் நன்மை செய்யும். குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் வக்கீல் ஏன் வாதாடுகிறார் என்று ஆத்திரப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் நடந்த ஒரு மோதலுக்குப் பிறகு, கோவையில் போலீசாருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டபோது, அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, எப்படிப்பட்டவருக்கும் வழக்காட ஆள் கிடைக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை வகுப்பில் வைத்து விவாதித்த அன்று எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. அந்த மாதிரிச் சண்டை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வகுப்பறைகளில் நடக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பானிஷ். கிறிஸ்தவத் துறவி புனித சவேரியாரைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் கிடையாது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நமக்கு விடுமுறையே உண்டு. இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார்ராவில் பிறந்த அவர் 1544-இல் நம் கரையோர ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்தார். ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசிலும் கடிதங்கள் எழுதினார். அவற்றை மூலத்திலேயே வாசிக்கக்கூடிய வரலாற்று மாணவர் ஒருவர் இங்கிருந்து வந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சி. ஆனால் என் முதல் காரணம் அது இல்லை.

எங்கள் பகுதியில் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதன் மேல்தளத்தில் செல்லும். உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகளில் ஒன்று பனாமாவினுடையது. பனாமாவின் சட்டங்கள் ஸ்பானிஷில் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் 'ஹீரோயிக் இடுன்' என்ற எண்ணெய்க் கப்பலை எக்குவடோரியல் கினியா கடற்படை பிடித்தது. கப்பலில் இருந்த 26 பேரில் 16 பேர் இந்தியர்கள். அந்த நாட்டில் அரசு அலுவல் நடப்பது ஸ்பானிஷில். பிறகு அவர்களை நைஜீரியாவிடம் ஒப்படைத்து, அங்கே வழக்கு நடந்து, 2023 மே மாதம்தான் விடுதலை. பக்கத்து மாநிலமான கேரளத்து இளைஞர்களும் அதில் இருந்ததால் அந்த மாதங்களில் எங்கள் வீடுகளிலும் அதே பேச்சுதான். என்ன வழக்கு, யார் வக்கீல், அவர் கம்பெனிக்கு வக்கீலா பையன்களுக்கு வக்கீலா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கடைசிக் கேள்வி தொழில்நெறிப் பாடத்தின் மையமான கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சித்தப்பா கப்பலில் சேரும்போது ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத்தை வீட்டு மேசையில் வைத்து நான் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில், "இதை வாசித்துப் பார்க்கவும் ஆலோசனை பெறவும் வாய்ப்பு அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துக்கான இடம். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மாலுமிக்குக் கொடுத்த உரிமை அது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அந்தத் தாள் மறுநாள் காலையில் திரும்பக் கொடுக்க வேண்டியதாக இருந்தது. ஆலோசனை கேட்க எங்கே போவார்?

ஸ்பானிஷ் கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். உலகில் சுமார் 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. தமிழ்ப் பிள்ளைக்கு அதில் பல விஷயங்கள் முன்பே பழகியவை. 'நான்' என்று சொல்லாமலே 'பேசுகிறேன்' என்றால் நமக்குப் புரிகிறதே, அவர்களுக்கும் வினையின் ஈறே போதும். 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். வகுப்பில் மற்றவர்கள் இந்த இரண்டிலும் திணறினார்கள்; ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துப் பேசும் குமரிக்காரிக்கு முதல் நாளே வந்துவிட்டது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், ஆங்கிலம் போல எழுத்து ஒன்று ஒலி ஒன்று என்று அலைக்கழிக்காது. பெயர்ச்சொற்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதுதான் கொஞ்சம் தொந்தரவு. டெல்லியில் ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய 'டெலே' தேர்வில் ஆறு நிலைகள். இரண்டு பருவம் ஒழுங்காகப் படித்தால் முதல் நிலையை எழுதலாம்.

சமூகவியலைக் கடைசியாகச் சொல்வதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண், அய்யா வைகுண்டர் வாழ்ந்த மண். மார்ஷல் நேசமணி வக்கீலாகச் சேர்ந்த காலத்தில் நாகர்கோவில் வழக்கறிஞர் சங்கத்தில் சாதி பார்த்து இருக்கை போட்டிருந்தார்கள், மேல்சாதிக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. அவர் அதை ஒழித்துக் கட்டினார். இந்தக் கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த முக்காலி எப்படி அங்கே வந்தது, இன்று எந்த உருவத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று முறையாகக் கேட்கக் கற்றுத்தருவது சமூகவியல். எங்கள் முக்குவ மீனவச் சமூகத்துப் பெண்களைப் பற்றி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆய்வு செய்து நூல் எழுதினார்கள். நல்ல நூல்தான், நன்றியும் உண்டு. ஆனால் கொல்லாங்கொட்டை (முந்திரி) ஆலையில் தோல் எண்ணெய் பட்டு விரல் வெந்துபோகிற அம்மாமாரைப் பற்றியும், ரப்பர் வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்களைப் பற்றியும், நகைக்கணக்குப் பேசி நிச்சயிக்கும் கல்யாணங்களைப் பற்றியும் இங்கேயே பிறந்த பிள்ளைகள் எழுத வேண்டாமா?

ஓகிப் புயல் வந்த 2017 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காணாமல்போனவர் ஏழு ஆண்டுகள் வரை எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்வது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. கடலில் போனவர் வரவில்லை, உடலும் இல்லை. அந்த வீடுகளில் ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்த பெண்களின் நிலையைச் சட்டம் மட்டும் படித்தவரும் முழுதாகச் சொல்ல முடியாது, சமூகவியல் மட்டும் படித்தவரும் முழுதாகச் சொல்ல முடியாது. 2012-இல் இத்தாலியக் கப்பல் 'என்ரிக்கா லெக்ஸி'யிலிருந்து சுட்டதில் இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துக் கரைப் பிள்ளை. வழக்கு நடக்கும்போதே குடும்பங்களுக்குத் தலா 1 கோடி ரூபாய் கொடுத்து இத்தாலி உடன்பாடு செய்துகொண்டது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. கடைசியில் 2021-இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு வழக்கு முடித்து வைக்கப்பட்டது. அந்த முதல் உடன்பாட்டில் கையெழுத்திடும் நேரத்தில் துக்க வீட்டுக்காரருக்கு நியாயமான ஆலோசனை என்பது என்ன? இதைவிட நல்ல தேர்வுக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

நான் கேட்பது புதுத் துறையோ புதுக் கட்டடமோ இல்லை. எந்தப் பட்டப்படிப்பு மாணவரும் எடுக்கும்படி, பகுதி நான்கின் விருப்பப் பாடங்களில் இவற்றைச் சேருங்கள். தொழில்நெறிக்கு நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் நீதிமன்றங்களில் வழக்காடுகிற வக்கீல்களைச் சிறப்பு விரிவுரையாளராக அழைக்கலாம். சமூகவியலுக்குப் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது, அங்கே முதுகலை முடித்தவர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பானிஷுக்கு மட்டும் ஆள் கிடைப்பது சிரமம். ஆகவே இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஓர் ஆசிரியரை நியமித்து, சனிக்கிழமை வகுப்பு வைத்தால் செலவும் பகிர்ந்துபோகும். மாலை வகுப்பு வேண்டாம். கரையோர ஊர்களுக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குக் கடைசிப் பஸ் கவலை உண்டு.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்புப் பாடத்திட்டங்களையும் குறிப்புகளையும் தமிழில் எழுதித் தருகிறேன். குழித்துறையில் வழக்காடும் எனக்குத் தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் முதல் பருவம் ஊதியமில்லாமல் வகுப்பெடுக்கச் சம்மதித்திருக்கிறார். எந்தக் கல்லூரி முதலில் கூப்பிட்டாலும் அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவி