உன் பட்டறைத் தூசியைப் பற்றி

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நடக்க வந்துவிட்டது என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கத்தில் சார்கோய்டோசிஸ் என்ற நோயின் பேரைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கு அந்தப் பேரைச் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது.

“பட்டறையில் இத்தனை காலம் இழுத்த தூசிதான் காரணமா?” என்று கேட்டிருக்கிறாய். நானும் இதே கேள்வியோடு பல இரவுகள் விழித்துக் கிடந்தவன். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை. பிறவியிலேயே வந்த மரபணு இயல்பும், வெளியிலிருந்து உள்ளே போன ஏதோ ஒன்றும் சேரும்போது, நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் ஆகிவிடுகின்றன என்பதுதான் மருத்துவர்களின் கணிப்பு.

அந்த ஏதோ ஒன்று என்ன? அமெரிக்காவில் 700 நோயாளிகளுக்கு மேல் எடுத்து, நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். பூஞ்சை வாடை அடிக்கும் இடங்களில் வேலை செய்தவர்களிடமும் பூச்சிமருந்தோடு புழங்கியவர்களிடமும் நோய் சற்றுக் கூடுதலாக இருந்தது. சற்றுத்தான். நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் விஷயம்தான் என்னை உலுக்கியது. 2001இல் இரட்டைக் கோபுரப் புழுதியில் நின்றவர்களில் 26 பேருக்கு அடுத்த ஐந்து வருஷத்துக்குள் இதே மாதிரி நோய். பாதிப் பேருக்கு முதல் வருஷத்திலேயே.

சரி, உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. 1940களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில், ஃப்ளோரசன்ட் விளக்கு ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் மூச்சுத்திணறலில் விழுந்தார்கள். அதற்கு ‘சேலம் சார்காய்டு’ என்றே பேர். ஹேரியட் ஹார்டி என்ற மருத்துவர் துருவிப் பார்த்து, விளக்குப் பூச்சிலிருந்த பெரிலியம் என்ற உலோகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எக்ஸ்ரேயிலும் பயாப்சியிலும் சார்கோய்டோசிஸும் பெரிலியத்தால் வரும் நோயும் ஒன்றுபோலவே தெரியும். பெரிலியத்தைக் கண்டால் உடம்பு எதிர்த்துக் கிளம்புகிறதா என்று பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பெரிலியம்தான் என்றால் அந்தத் தூசியை விட்டு விலகியே ஆக வேண்டும்.

நீ தாமிரக் கலவைகளைச் சாணை பிடித்தவன். சில தாமிரக் கலவைகளில் பெரிலியம் உண்டு, மூர்த்தி. என்னிடம் முதல் இரண்டு வருஷம் யாரும் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. உன்னிடமும் கேட்காமல் விட்டுவிடக்கூடும். அதனால் முதல் வேலையிலிருந்து எந்த உலோகம், எந்தப் பொடி, எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடு.

அப்புறம், கண்ணைக் காட்டினாயா? இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணையும் தொடும். காட்டிவிட்டு எழுது.

உன்,
சேகர்